ட்ரிக்ஸியும் ஒரு வழு அறிக்கையும்

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு

நான் பயன்படுத்தும் டெபியன் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு நேற்று வெளியாகிவிட்டது. பெயர் ட்ரிக்ஸி. உடனே ஏற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. ஆனாலும் முதலில் பேக்கப், அடுத்து வெளியீட்டுக் குறிப்புகள், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மென்பொருள்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் பட்டியலில், முந்தைய பதிப்பின் பெயரான புக்வோர்ம் என்றிருந்த இடங்களில் ட்ரிக்ஸி என்று மாற்றி, மேம்படுத்தலைத் தொடங்கினேன். நடுவழியில் நின்று ஓர் அமைப்புக் கோப்பைக் காட்டியது: நீங்கள் திருத்தியது இருக்கட்டுமா, புதிய மென்பொருள் பொதியோடு வந்ததைப் போடட்டுமா? ‘டி’ விசையைத் தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாகக் காட்டுகிறது. நான் எழுதியதில் கை வைக்குமுன் என்னைக் கேட்கிறதே, அந்த மரியாதைக்காகவே வேறு இயங்குதளத்துக்கு மாற மனம் வருவதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அச்சுப்பொறிகூட மக்கர் செய்யவில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

டெபியனுக்கு இன்று 32 வயது. நண்பர் அழைத்தார், வாழ்த்துச் சொல்ல அல்ல. அவர் பயன்படுத்தும் படத்தொகுப்பு மென்பொருளில் ஒரு வழு, அதாவது பிழை. “சொல்லி ஒரு வாரமாகிறது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என்னதான் செய்கிறார்கள்?”

எக்ஸ்இசட் கதையைச் சொன்னேன். கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியை ஊதியமில்லாமல் பராமரித்துவந்தவர் லாசே காலின். 2022இல் சில பெயர்கள் அவரை மின்னஞ்சலில் நச்சரித்தன: ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன? உதவ வந்த ‘ஜியா டான்’ மெல்லப் பராமரிப்பாளராகி, 2024இல் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிவிடும் ஒரு பின்கதவை நுழைத்தார். தொலைவிலுள்ள கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். நிலையான வெளியீடுகளுக்குள் அது வருமுன் பிடிபட்டது நம் அதிர்ஷ்டம்.

நச்சரித்த பெயர்களும் சதியின் பகுதியே என்று பலர் சந்தேகிக்கிறார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்த மின்னஞ்சல்கள் அன்று யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. பயனர்கள் வழக்கமாக எழுதுவதே அப்படித்தானே!

நண்பர் “ம்” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவருடைய வழு அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். “சேமித்தால் மூடிக்கொள்கிறது.” அவ்வளவுதான். பதிப்பு எண் இல்லை, எந்த வகைக் கோப்பு என்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சிறிய படம், பெரிய படம், வேறு கோப்புறை. கடைசியில் அகப்பட்டது: கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் மட்டுமே மூடிக்கொள்கிறது. படிகளை வரிசையாக எழுதி, தலைப்பையும் மாற்றி அனுப்பினார். “இனி அவர்கள் பாடு” என்றார் உற்சாகமாக.

அந்தத் திட்டத்துக்கு நன்கொடை அளிக்கும் பக்கத்தையும் அவருக்கு அனுப்பிவைத்தேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.