ஃப்ரெஷர் மெஷின் ரவுண்ட்: சர்ச் பாக்ஸை முழுசாகக் கட்டுங்கள்

ரிசல்ட் வந்த கையோடு எழுதுகிறேன், சாஃப்ட்வேர் வேலைக்கு செலக்ட் ஆகிவிட்டது. ஆப்டிட்யூட், ஹெச்ஆர் ரவுண்ட் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஃப்ரெஷர் ஓப்பனிங் வற்றிக் கிடக்கும் இந்த நேரத்தில் அதிகம் பேரைக் கழிப்பது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோடு எழுதிக் காட்டும் மெஷின் ரவுண்ட்தான்.

ஒரு ஏபிஐ (டேட்டா தரும் சர்வர் முகவரி) கொடுத்து, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் சர்ச் பாக்ஸும் லிஸ்ட்டும் கேட்பார்கள். டேட்டா திரையில் வந்ததுமே பலர் சிஎஸ்எஸ்ஸில், அதாவது அழகுபடுத்துவதில், இறங்கிவிடுகிறார்கள். டேட்டா வராதபோது உங்கள் ஸ்கிரீன் என்ன காட்டுகிறது என்பதற்குத்தான் மார்க்.

டேட்டா கேட்கும் ஃபெட்ச் ஃபங்ஷன், 404 (பக்கம் இல்லை) வந்தாலும் 500 (சர்வர் கோளாறு) வந்தாலும், எரரைப் பிடிக்கும் கேட்ச்சுக்குள் போகாது. நெட்வொர்க் அறுவதுபோல ரிக்வெஸ்ட்டே முடியாமல் போனால்தான் போகும். அதனால் ரெஸ்பான்ஸ் ஓகேவா என்று நீங்களே பார்த்து எரரைத் த்ரோ செய்ய வேண்டும்.

அடுத்தது ரேஸ் கண்டிஷன், அதாவது பதில்கள் வரிசை மாறி வருவது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். 'சென்' என்று டைப் செய்ததும் ஒரு ரிக்வெஸ்ட், 'சென்னை' என்றதும் இன்னொன்று. முதலாவதன் பதில் பிந்தி வந்தால் பாக்ஸில் சென்னை இருக்கும், கீழே 'சென்'னுக்கான லிஸ்ட் நிற்கும். டைப் செய்வது நின்று 300 மில்லிசெகண்ட் கழித்தே ரிக்வெஸ்ட் அனுப்பும் டிபவுன்ஸ் போட்டால் தீருமா? தீராது. அது ரிக்வெஸ்ட்களைக் குறைக்குமே தவிர, பதில்கள் வரும் வரிசைக்குப் பொறுப்பேற்காது. ரிக்வெஸ்ட் அனுப்பும் யூஸ்எஃபெக்ட்டின் கிளீனப்பில் (அடுத்த முறை ஓடும் முன் பழையதைத் துடைக்கும் பகுதி) அபார்ட்கன்ட்ரோலர் வைத்துப் பழைய ரிக்வெஸ்ட்டை ரத்து செய்யுங்கள். ரத்தானதும் அபார்ட்எரர் கேட்ச்சுக்குள் வரும்; அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். விடாவிட்டால் டைப் செய்யச் செய்ய எரர் மெசேஜ் மின்னிக்கொண்டே இருக்கும்.

பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க்கை 3ஜிக்கு இறக்கி வேகமாக டைப் செய்து பாருங்கள். பிறகு ஆஃப்லைன். பிறகு எதுவுமே கிடைக்காத ஒரு வார்த்தை.

மற்றவை:

- டெவலப்மென்ட்டில், தவறுகளைக் காட்டிக்கொடுக்கும் ரியாக்டின் ஸ்ட்ரிக்ட்மோட், ஆரம்பத்தில் எஃபெக்ட்டை இரண்டு முறை ஓட்டும். இரண்டு ரிக்வெஸ்ட் போகிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். கிளீனப் சரியாக இருந்தால் முதலாவது கேன்சல்டு என்று காட்டும்.
- வைட் (Vite) என்ற பில்டு டூலில் 'VITE_' முன்னொட்டு போட்ட என்வி (செட்டிங்) மதிப்பு, பிரவுசருக்குப் போகும் பண்டிலுக்குள் போய்விடும். ரகசிய கீ அங்கே வேண்டாம்.
- ரெண்டர் (Render) ஹோஸ்டிங்கின் இலவச பிளானில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் பேக்எண்ட் தூங்கிவிடும். எழுந்திருக்க ஒரு நிமிடம் வரை ஆகலாம். ரெஸ்யூமேயில் நீங்கள் கொடுத்த புராஜெக்ட் லிங்க்கைத் திறப்பவர் அவ்வளவு நேரம் வெள்ளைத் திரையைப் பார்க்க மாட்டார். 'சர்வர் தயாராகிறது' என்றாவது எழுதி வையுங்கள்.
- டிரெயினிங் டெபாசிட் என்று கம்பெனி பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நிதானமாக ஒரே ஸ்கிரீனை முடிப்பது என் வழி. கை வேகம் உள்ளவர்கள் பேஜினேஷனையும் (லிஸ்ட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது) சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எரர் ஸ்டேட் முடிந்த பிறகு.