12 இலக்க எண்ணும் தாய்வீட்டுப் பிரசவமும்

என் மனைவி கருவுற்றிருப்பது உறுதியானதும், "முதலில் பிக்மி நம்பர் வாங்கிவிடுங்கள்" என்று சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. கர்ப்பிணிகளையும் பிறக்கும் குழந்தைகளையும் தமிழ்நாடு அரசு கணினியில் பதிந்து கண்காணிக்கும் ஏற்பாடுதான் பிக்மி (PICME). டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய்க்காகத்தான் அந்த எண் என்றும், தனியார் மருத்துவமனையில் காட்டுகிற எங்களுக்கு அது தேவைப்படாது என்றும் நான் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையில் குழந்தை பிறந்தாலும் பிறப்பைப் பதிவு செய்யும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள் என்று அவர் விளக்கிய பிறகே இணையதளத்தைத் திறந்தேன்.

முன்பதிவை வீட்டிலிருந்தே செய்ய முடிந்தது. பெயர், முகவரி, கைபேசி எண், கடைசி மாதவிடாய் தேதி ஆகியவற்றை நிரப்பி அனுப்பினேன். ஆனால் அது ஒப்புகை மட்டுமே; நமது பகுதியின் சுகாதார செவிலியர் விவரங்களைச் சரிபார்த்த பின்புதான் 12 இலக்க எண் உருவாகும். சில நாட்கள் கழித்து அவர் வீட்டுக்கே வந்தார். ஸ்கேன் தாளை ஒரு கையிலும் கைபேசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தவர், "சார், மூணு வாரக் கருவுக்கு ஸ்கேன்ல இதயத்துடிப்பு தெரியுமா?" என்று கேட்டார். மார்ச் 4 என்பதற்குப் பதிலாக, தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றி, ஏப்ரல் 3 என்று பதிந்திருந்தேன். ஸ்கேன் 7 வாரங்களைக் காட்டியது. அந்தத் தேதியுடன் 280 நாட்களைக் கூட்டித்தான் பிரசவ நாளைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், என் பிழை அப்படியே போயிருந்தால் டிசம்பர் 9 என்பது ஜனவரி 8 ஆகியிருக்கும். பரிசோதனைக்கான நினைவூட்டல்கள் அனைத்தும் ஒரு மாதம் பிந்தியிருக்கும். அவர் திருத்திய பிறகே எண் வந்தது. அதைத் தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம்.

அடுத்த சில மாதங்களில் எனக்கு எரிச்சலூட்டியது ஒன்றுதான். நாங்கள் சென்றுவந்த மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் தாமாகவே பிக்மியில் ஏறிவிடும் என்று நம்பியிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் செவிலியர் தொலைபேசியில் அழைத்து, தம்மிடம் உள்ள பதிவில் ஹீமோகுளோபின் கட்டம் காலியாக இருப்பதாகச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு அறிக்கையையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் பார்த்துப் பதிந்துகொண்டார்.

வளைகாப்பு முடிந்து மனைவி கோவையிலிருந்து உசிலம்பட்டிக்கு, அவருடைய தாய்வீட்டுக்குச் சென்றபோது அந்த உழைப்பின் பயன் தெரிந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் ஊர் மாறும் வழக்கமுள்ள நம்மிடையே, கர்ப்பிணியைக் கண்காணிக்கும் ஏற்பாட்டில் ஓட்டை விழக்கூடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். அங்குள்ள செவிலியர் கேட்டது எண்ணை மட்டுமே. முந்தைய ஹீமோகுளோபின் 9.8 என்பதை அவரே திரையில் பார்த்து, 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று மாமியாருக்கு விளக்கி, இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக் கூடாது என்று கண்டிப்புடன் சொன்னார். அதுவரை என் மனைவி அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் மகள் பிறந்தாள். பிறப்புப் பதிவுப் படிவத்துக்காக எண் கேட்டபோது நான் அட்டையை நீட்டினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர், எண் வாங்காததால் தம் ஊர்ச் செவிலியரின் கைபேசி எண்ணை உறவினர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பிறப்பைப் பதிய 21 நாட்கள் அவகாசம் உண்டு என்று ஊழியர் அவரைத் தேற்றினார்.

ஒன்றரை மாதத் தடுப்பூசியை உசிலம்பட்டியிலேயே போட்டோம். மறுநாள் காலை கோவைச் செவிலியர் அழைத்தார். தம் பட்டியலில் குழந்தையின் பெயருக்கு நேரே ஊசி போட்டதாகக் காட்டுகிறது, காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.