முலாஞ்சே மலையடிவாரத்தில் கடைசி இரண்டு வாரங்கள்

2024 மார்ச் 4, திங்கள்

தெற்கு மலாவியில், முலாஞ்சே மலையின் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தக் கிராமத்து மருத்துவமனைக்கு நான் வந்து இன்றோடு நான்கு வாரங்கள் ஆகின்றன. இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் படிப்பின் இறுதிக் கட்டத்தில் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஓரிடத்தில் சில வாரங்கள் பயிற்சி பெறுவது வழக்கம். எனக்குக் கிடைத்த ஆறு வாரங்களில் இன்னும் இரண்டே மீதி.

நவம்பரில் தொடங்கும் மழை ஏப்ரல் வரை நீடிக்கும். மலேரியா மிகுதியாக வருவதும் இந்த மாதங்களில்தான். இன்று காலை குழந்தைகள் வார்டில் பல கட்டில்களில் இரண்டிரண்டு குழந்தைகள் படுத்திருந்தார்கள். தாய்மார்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சித்தெஞ்சேத் துணியைத் தரையில் விரித்துக் கட்டில்களுக்கு இடையே உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு இங்கே ஆசிரியராக வாய்த்தவர் ஒரு கிளினிக்கல் ஆபீசர். இந்த நாட்டில் கிளினிக்கல் ஆபீசர்கள் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அல்லர், மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவர்கள். ஆனால் மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் அறுவைச் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களே. இவரும் இரவில் ஒரு சிசேரியனை முடித்துவிட்டு, காலை ஏழரை மணிக்கு ரவுண்ட்ஸுக்கு வந்து நின்றார்.

மார்ச் 7, வியாழன்

வந்த முதல் வாரத்தில் நடந்ததை இதுவரை எழுதாமல் இருந்தேன். கைகால்கள் சில்லிட்டு, நாடி மெலிந்திருந்த ஒரு குழந்தையைப் பார்த்ததும், எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டர் வீதம் சலைனை வேகமாக ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். கையும் ட்ரிப் குழாயின் திருகை நோக்கிப் போய்விட்டது. கிளினிக்கல் ஆபீசர் என் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஃபீஸ்ட் ஆய்வை நான் தேர்வுக்காகப் படித்திருந்தேன். கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த குழந்தைகளில், அப்படி வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் 10.5 விழுக்காட்டினர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். ஏற்றப்படாதவர்களில் இறந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர். நான் படித்தது தலையில் இருந்தது, கைக்கு வந்து சேரவில்லை. அன்று அவர் கண்டித்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்து, கால் மணிக்கு ஒரு முறை மூச்சை எண்ணச் சொன்னார். ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. இந்த வாரங்களில் நான் கற்றவற்றில் இதைவிடப் பெரியது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 11, திங்கள்

மலேரியாவோடு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்திருக்கிறாள். ஹீமோகுளோபின் 5.2, கடும் ரத்தசோகை. நினைவு தெளிவாக இருக்கிறது, மூச்சுத் திணறலும் இல்லை. உகாண்டாவிலும் இதே மலாவியிலும் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஹீமோகுளோபின் 4-க்கும் 6-க்கும் இடையில் இருந்து வேறு சிக்கல் இல்லாத குழந்தைகளுக்கு உடனே ரத்தம் ஏற்றுவதால் உயிரிழப்பு குறைவதில்லை என்று காட்டியது. ஆகவே காத்திருப்பது என்று முடிவாயிற்று. அவளுடைய மாமா மட்டும் ரத்தம் கொடுத்து வைத்தார்; பரிசோதனைகள் முடிந்து பை குளிர்பதனப் பெட்டிக்குப் போயிற்று. அங்கே இருந்தது அந்த ஒரே பைதான்.

மார்ச் 13, புதன்

நேற்றிரவு பதினொரு மணிக்கு ஒரு தந்தை தம் மூன்று வயது மகனை மிதிவண்டியில் கொண்டுவந்தார். ஹீமோகுளோபின் 3.1; குழந்தையின் நினைவுநிலையை மதிப்பிடும் ப்ளான்டயர் கோமா அளவில் ஐந்துக்கு இரண்டு (ஐந்து என்றால் முழு நினைவு). உலகெங்கும் மலேரியா வார்டுகளில் பயன்படும் அந்த அளவுகோல் இங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ப்ளான்டயர் நகரில் உருவானது. கடும் மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசியின் முதல் டோஸை நான் கணக்கிட்டேன்: 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். நர்ஸ் அதைத் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்த்த பிறகே ஊசி போட்டார்.

சிறுமியின் மாமா கொடுத்திருந்த ரத்தம் சிறுவனுக்குப் பொருந்தியது. வராந்தாவில் படுத்திருந்த அவரை எழுப்பி, அந்தப் பையை வேறொரு குழந்தைக்கு ஏற்றலாமா என்று கேட்டோம். அவர் எழுந்து உட்கார்ந்து, அது யாருடைய பிள்ளை என்று மட்டும் கேட்டார், பிறகு தலையசைத்தார்.

விடியற்காலை நான்கு மணிக்கு இன்னொரு குழந்தை வந்தது, அதே வெளிறிய உள்ளங்கைகளோடு. பெட்டி காலி. தாயின் ரத்தம் பொருந்தவில்லை. அண்டை வீட்டுக்காரரின் ரத்தம் பரிசோதனையில் இருக்கும்போதே குழந்தை இறந்துவிட்டது. முதல் பையை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை நான் கிளினிக்கல் ஆபீசரிடம் கேட்கவில்லை. அவர் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரவுண்ட்ஸ் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

மார்ச் 14, வியாழன்

கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில், மருத்துவமனைக்கு நான் அளித்த பங்களிப்பு என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. எடை பார்த்தேன், மூச்சு எண்ணினேன், டோஸ் கணக்கிட்டேன், மேற்பார்வையில் ஊசி ஏற்றினேன் என்று எழுதினேன். அதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. இத்தகைய பயிற்சிகளுக்குப் போகிறவர்கள் நோயுற்ற குழந்தைகளோடு படம் எடுத்து வெளியிடுவதும் எனக்குச் சற்றும் சம்மதமில்லை; நம் ஊர் வார்டில் எந்தத் தாயிடமும் நாம் அப்படிக் கேட்க மாட்டோம். ஸ்டெதஸ்கோப்பையும் ஆக்சிமீட்டரையும் வார்டுக்கே கொடுத்துவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

கடைசி ரவுண்ட்ஸ். மிதிவண்டியில் வந்த சிறுவன் இன்று ஐந்துக்கு ஐந்து. தந்தையின் மடியில் உட்கார்ந்து, நிசிமா என்னும் சோள மாவுக் களியை விரல்களால் எடுத்து உண்டான்.

சிச்சேவா மொழியில், புறப்படுபவர் ‘சலானி ப்வினோ’ என்கிறார், நலமாக இருங்கள் என்று பொருள். இருப்பவர் ‘பிதானி ப்வினோ’, நலமாகப் போங்கள் என்கிறார். போய் வருகிறேன் என்று சொல்லியே பழகிய எனக்கு, வருவேன் என்ற உறுதி இல்லாத அந்தச் சொல் நாவில் எளிதாக வரவில்லை. நர்ஸ்கள் என்னை இரண்டு முறை சொல்ல வைத்தார்கள்.

சிறுமியும் இன்று வீடு திரும்புகிறாள், ஹீமோகுளோபின் 5.9. இங்கே நோயாளியின் குறிப்புகள் மருத்துவமனையில் தங்குவதில்லை. ஒவ்வொருவரும் தம் சிறிய சுகாதாரப் புத்தகத்தைத் தாமே வைத்திருப்பார்கள். அவளுடைய புத்தகத்தைக் கிளினிக்கல் ஆபீசர் என்னிடம் நீட்டினார். மாத்திரைகளை எழுதி, திங்களன்று, 18-ஆம் தேதி, ரத்தத்தை மீண்டும் பார்க்க வேண்டும் என்று எழுதித் தேதியை அடிக்கோடிட்டேன். அவர் படித்துப் பார்த்துக் கீழே கையொப்பமிட்டார். மாமா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே மழை தொடங்கியிருந்தது.