டகோட்டா வால் பட்டையில் வெள்ளை ஒருவழியாக வெள்ளையானது

விமானத்தின் வாலில் வரும் காவி, வெள்ளை, பச்சைப் பட்டையில் வெள்ளை இப்போது வெள்ளையாகவே நிற்கிறது. காவிக்கும் பச்சைக்கும் நடுவில் அழுக்குத் தண்ணீர் ஊறினாற்போல ஒரு பழுப்புக் கோடு ரொம்ப நாளாகப் படுத்திக்கொண்டிருந்தது. அது போயே போய்விட்டது. இந்திய விமானப்படையின் 1950களின் டகோட்டா சரக்கு விமானம், வெற்று அலுமினிய உடல், மைக்ரோசாப்ட்டின் விமான சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸுக்காக நான் செய்யும் ரீபெயிண்ட், அதாவது மாடலுக்குப் புது வண்ணப் பூச்சு. இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனாலும் இந்தக் கட்டத்தை இப்போதே எழுதி வைக்கிறேன், இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

2006இல் வந்த சிமுலேட்டரை இன்னுமா ஓட்டுகிறாய் என்று கேட்பார்கள். பழைய ராணுவ விமானங்கள் இலவசமாகக் குவிந்து கிடப்பது அதில்தான். நான் எடுத்ததும் அப்படி ஒரு பழைய சி-47 மாடல், டகோட்டாவின் அமெரிக்கப் பெயர் அது. சரக்குக் கதவு, இன்ஜின் கூடு, மூக்கின் வளைவு எல்லாம் அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். வண்ணம் தீட்ட லேயர்களாகப் பிரித்துத் தரும் பெயிண்ட் கிட் மட்டும் கிடையாது. பேனல் கோடுகளை டெக்ஸ்சரிலிருந்தே, அதாவது மாடலின் மேல் போர்த்தும் படத்திலிருந்தே பிரித்தெடுத்து, லேயர் லேயராக நானே கட்டினேன்.

சரி, வால் பட்டை. கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் சுத்தமாகத் தெரியும். கொஞ்சம் பின்னால் இழுத்தால் வெள்ளைப் பட்டை அழுக்காகிவிடும். இன்னும் பின்னால் போனால் காவியின் ஓரமும் சேர்ந்து சேறாகும். நிறத்தை மாற்றிப் பார்த்தேன், வெள்ளையை இன்னும் வெளுப்பாக்கிப் பார்த்தேன், பட்டைகளுக்கு நடுவே மெல்லிய சாம்பல் கோடு வைத்துப் பார்த்தேன். சாம்பல் கோடு வைத்ததும் இன்னும் மோசமானது. பக்கத்தில் சுத்தம், தள்ளிப்போனால் அழுக்கு என்றால் குற்றவாளி மிப்மேப்தான், அதாவது தூரத்தில் காட்டுவதற்காக அதே படத்தைப் படிப்படியாகச் சின்னதாக்கி வைத்திருக்கும் பிரதிகள்.

டெக்ஸ்சர் கோப்பைச் சின்னதாக்கும் டிஎக்ஸ்டி சுருக்கம் படத்தை 4-க்கு 4 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறத்தைத்தான் சேமிக்கும். இடைப்பட்ட இன்னும் இரண்டை அந்த இரண்டையும் கலந்து தானே உண்டாக்கிக்கொள்ளும். காவியும் வெள்ளையும் மட்டும் ஒரு கட்டத்துக்குள் வந்தால் பிரச்சினை இல்லை, இடைப்பட்ட சாயல்கள் அந்தக் கலவையிலேயே கிடைத்துவிடும். காவி, வெள்ளை, பச்சை மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தால்தான் வம்பு. இரண்டு முனைகளாகக் காவியையும் பச்சையையும் எடுத்துக்கொண்டால், நடுவில் பிறப்பது வெள்ளை அல்ல, பழுப்பு.

என் பட்டைகள் ஒவ்வொன்றும் 30 பிக்சல் அகலம். முழு அளவுப் படத்தில் அது தாராளம். மிப்மேப் ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைவதால் 15, அப்புறம் ஏழரை, அப்புறம் நாலுக்கும் கீழே. மூன்றாவது படியில் வெள்ளைப் பட்டை ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை. சாதாரணமாக வெளியிலிருந்து விமானத்தைப் பார்க்கும் தூரத்தில் சிமுலேட்டர் எடுத்துக்கொள்வது இந்தக் கீழ்ப்படிகளைத்தான்.

தீர்வு கைக்கு அடக்கமானது. 30-ஐ 32 ஆக்கினேன். அதோடு முதல் பட்டை ஆரம்பிக்கும் இடத்தையும் 32-இன் மடங்கில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். இப்போது 32, 16, 8, 4 என்று மூன்று படி இறங்கினாலும் நிறங்கள் மாறும் இடம் கட்டத்தின் விளிம்பில்தான் விழுகிறது. ஒரு கட்டத்துக்குள் ஒரே நிறம். அதற்கும் கீழே போனால் மறுபடி கலங்கும், ஆனால் அந்தத் தூரத்தில் வாலே திரையில் எறும்பளவுதான். நிஜப் பட்டையைவிட இது துளி அகலம். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஜிம்ப் என்ற பட எடிட்டரில் டிடிஎஸ் என்ற டெக்ஸ்சர் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது மிப்மேப் ஃபில்டரில் பாக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நாலு பிக்சலை ஒன்றாகச் சராசரி எடுக்கிறது, அக்கம்பக்கத்தைத் தொடாது. மற்ற ஃபில்டர்கள் பக்கத்துப் பிக்சலையும் இழுத்துக் கலந்துவிடும், இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த விளிம்பு வீணாகும். எஃப்எஸ்எக்ஸுக்காகப் படத்தைத் தலைகீழாகத் திருப்புவதால் வரிசை கெடாது, படத்தின் உயரமான 2048, 32-ஆல் வகுபடும் எண்தானே.

உடலில் உள்ள வட்ட அடையாளத்தில் இந்த வித்தை பலிக்காது, வட்டத்தைக் கட்டத்துக்குள் அடக்க முடியாது. ஆனால் அங்கே வெள்ளை வளையம் அகலமானது, மூன்று நிறமும் ஒரே கட்டத்தில் சந்திப்பதில்லை. அங்கே கெடுத்தது பேனல் கோடு. காவி, வெள்ளை இரண்டின் எல்லையில் ஒரு சாம்பல் கோடு குறுக்கே ஓடினால் அது மூன்றாவது நிறம். அதனால் வட்டத்துக்குள் வரும் பேனல் கோடுகளையும் ரிவெட்டுகளையும் வண்ணப் படத்திலிருந்து அடியோடு அழித்துவிட்டு, மேடுபள்ளத்தைக் காட்டும் பம்ப் மேப்பில் மட்டும் விட்டேன். வெளிச்சம் சாய்வாக விழும்போது ரிவெட் வரிசை எழுந்து தெரிகிறது, நேராக விழும்போது வண்ணம் சுத்தமாக நிற்கிறது. நிஜத்திலும் பெயிண்ட் அடித்த இடத்தில் ரிவெட் அப்படித்தான் தெரியும். பழைய ரீபெயிண்ட்கள் பலவற்றில் ரிவெட் எல்லாம் பேனாவால் புள்ளி வைத்தது போல் கறுப்பாக இருக்கும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அலுமினியம் தனிப் பாடு. டகோட்டாவின் தோல் ஆல்கிளாட், அதாவது உலோகக் கலவைத் தகட்டின் மேல் மெல்லிய சுத்த அலுமினியப் படலம். தகட்டை உருட்டிய திசை பேனலுக்குப் பேனல் மாறும். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பேனல் ஒரே வெயிலில் வேறு வேறு சாயலாகத் தெரியும். இதைப் பழைய படங்களை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது என்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தகட்டுக் கடைக்குப் போனேன். வாசலில் நின்று தகடுகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் கவனித்தார்.

“என்ன தம்பி, தகடு வாங்க வந்தீங்களா, முகம் பாக்க வந்தீங்களா?”

“விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்ணே, கம்ப்யூட்டர்ல. வெயில்ல எப்படி மின்னுதுன்னு பாக்கணும்.”

அவர் உள்ளே போய் புதுத் தகட்டில் ஒரு வெட்டுத்துண்டும், மழையில் கிடந்து மங்கிப்போன பழைய துண்டு ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. இரண்டையும் மாடியில் வைத்து, காலை வெயிலில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை படமெடுத்தேன். ஒரே துண்டைக் கால்வட்டம் திருப்பினால் சாயல் எவ்வளவு மாறுகிறது என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். என் பேனல் சாயல்கள் எல்லாம் அந்தப் படங்களிலிருந்து எடுத்தவை. இதைச் செய்ய நினைப்பவர்கள் பாத்திரக் கடைக்குப் போக வேண்டாம். பாத்திரத்தில் பாலிஷ் போட்டிருப்பார்கள், அந்த மினுக்கு விமானத்துக்குப் பொருந்தாது.

வண்ணப் படத்தில் நிறங்களோடு ஆல்பா சேனல் என்ற சாம்பல் அடுக்கும் உண்டு, இந்த மாடலில் அது கறுக்கக் கறுக்கப் பளபளப்பு கூடும். ஆல்பாவை டிஎக்ஸ்டியின் ஒரு வகையான டிஎக்ஸ்டி3-இல் சேமித்தால் 16 படிகள்தான் கிடைக்கும். உருண்டையான உடலில் அந்தப் படிகள் வரிவரியாகத் தெரியும், மாடிப்படி மாதிரி. டிஎக்ஸ்டி5-இல் ஆல்பாவும் இடைக்கணிப்பில் வருவதால் சாயல் வழுக்கிக்கொண்டு போகிறது. கோப்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். பின் எதற்கு டிஎக்ஸ்டி3 என்பது எனக்குப் புரியாத விஷயம், இன்றும் அதிலேயே வெளியிடுகிறார்கள்.

சாம்பல் நிறத்திலும் ஒரு தொல்லை. டிஎக்ஸ்டியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 5 பிட், பச்சைக்கு 6 பிட். சுத்தமான சாம்பலைக் கொடுத்தால் சில இடத்தில் பாசி படர்ந்தாற்போலப் பச்சை அடிக்கும், சில இடத்தில் இளஞ்சிவப்பு. உலோகம் முழுவதுக்கும் துளி நீலச் சாயல் ஏற்றி, மேலே மிக மெல்லிய புள்ளி இரைச்சல் தூவினேன். பச்சை அடங்கிவிட்டது. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் அலுமினியத்தில் நீலம் இருப்பது இயல்புதான்.

வாலிலும் இறக்கையிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் ரட்டர், எலிவேட்டர், எய்லரான் மூன்றும் டகோட்டாவில் துணி போர்த்தியவை. வெள்ளிப் பூச்சு பூசியிருந்தாலும் அவை உலோகம் போல மின்னாது. ஆல்பாவில் அவற்றை நன்றாக வெளுத்து, மங்கலாக விட்டேன். இந்த ஒன்றைச் செய்தாலே விமானம் பாதி உயிர் பெற்றுவிடும். இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை, விண்ட்ஷீல்டுக்கு முன்னால் கண் கூசாமலிருக்க அடிக்கும் கறுப்பு, இரண்டும் மங்கல்தான்.

புகைக்கறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்ஜின்கள் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830, 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். எண்ணெய் ஒழுகுவதற்குப் பேர்போனவை, ஆகவே கூட்டுக்குப் பின்னால் எண்ணெய் வழிசல் கட்டாயம் வேண்டும். ஆனால் இறக்கையில் புகைக்கறையை எல்லோரும் கன்னங்கரேலென்று அடித்துவைக்கிறார்கள். ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் எரிந்து படிவது வெளிர் சாம்பலும் பழுப்பும்தான். கறுப்பு நடுவில் கொஞ்சம் இருந்தால் போதும்.

ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். எஃப்எஸ்எக்ஸ் இயல்பாக 1024-க்கு மேல் டெக்ஸ்சரை ஏற்றாது. அமைப்புக் கோப்பில் டெக்ஸ்சர் மேக்ஸ் லோடு என்ற வரியை 2048 ஆக்கிவைத்தால், விளையாட்டுக்குள் போய்த் திரை அமைப்பை லேசாகத் தொட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் 1024-க்கே திரும்பிவிடும். வால் பட்டை கலங்கித் தெரிந்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள். எல்லாம் சரிசெய்த பின் அந்தக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுவது நல்லது.

கடலூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருந்தால் கணினியைத் திறந்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக் காற்று கிராபிக்ஸ் கார்டின் தங்க முலாம் பூசிய இணைப்புப் பல்லில் படிந்து திரை கோடு கோடாக வரும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. என்னுடைய கார்டே புதுச்சேரியில் பழையதாக வாங்கியதுதான், இன்றுவரை குறையில்லை.

பாக்கி: இடது இறக்கையின் அடிப்பக்கம், சரக்கறையின் உட்புறம், காக்பிட்டில் தேய்ந்த பெயிண்ட். இவற்றை முடிப்பதற்குள் மனம் அடுத்த டகோட்டாவுக்குப் போய்விட்டது. 1947 அக்டோபர் 27 அன்று டெல்லியிலிருந்து முதலாவது சீக்கியப் படைப்பிரிவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கியவை இந்த டகோட்டாக்கள்தான். 1948 மே 24 அன்று விமானப்படையின் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் லே ஊரில் டகோட்டாவை இறக்கினார். கடல்மட்டத்துக்கு 10,000 அடிக்கு மேலே, அவசரமாகச் சமன்படுத்திய தரையில், காற்றழுத்தம் கூட்டாத கேபினில். அந்தப் பயணத்தைச் சிமுலேட்டரில் ஓட்ட வேண்டுமென்றால் மூவண்ண வட்டம் பொருந்தாது. குடியரசாவதற்கு முன் சில காலம் விமானங்களில் இருந்தது அசோகச் சக்கரம். அதில் 24 ஆரக்கால்.

ஆரக்கால்தான் அடுத்த தலைவலி. 2048 படத்தில் ஒவ்வொரு ஆரக்காலும் 4 பிக்சலுக்கும் மெல்லியதாகவே வரும். நீலம், வெள்ளை இரண்டே நிறம் என்பதால் கட்டத்துக்குள் நிறம் கெடாது. ஆனால் மிப்மேப்பில் இரண்டு படி இறங்கினாலே வெறும் வெளிர்நீல வட்டமாகிவிடும். கீழ்ப்படிகளுக்கு மட்டும் ஆரக்காலைத் தடிமனாக்கி, தனியாக வரைந்து, மிப்மேப்பைக் கையாலேயே அடுக்கிச் சேமிக்கலாம் என்று நினைக்கிறேன். ஜிம்ப்பில் ஒவ்வொரு படியையும் தனி லேயராக வைத்து ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறது. ஆக, சக்கரத்தை 64 பிக்சலில் ஒன்று, 32 பிக்சலில் ஒன்று என்று தனித்தனியாக வரையத் தொடங்கியிருக்கிறேன். 64-இல் 24 ஆரக்காலும் எண்ணும்படி வந்துவிட்டன. 32-இல் 12 மட்டும் போட்டுப் பார்க்கப்போகிறேன்.

நடுவில் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட ஓடுதளத்துக்கு ஒரு சீனரியும், அதாவது சிமுலேட்டருக்கான நிலக்காட்சியும், ஆரம்பித்து வைத்திருக்கிறேன். டகோட்டா வந்து இறங்க நம் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே இப்போது இருக்கும் கான்கிரீட்டைப் படமெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். அதற்கு முன் இடது இறக்கையின் அடிப்பக்கத்தை முடித்து, இந்த ரீபெயிண்டைத் தரவிறக்கத்துக்கு வைத்துவிடுகிறேன். லேயர் கோப்பையும் சேர்த்தே தருவேன், வால் பட்டை இருக்கும் இடத்தில் 32 பிக்சல் கட்டம் வரைந்தபடியே இருக்கும்.