கல்லீரல் நன்றாக இருக்கிறதே, சார்!

பதினான்கு ஆண்டுகளாக, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையில் வேலை செய்கிறேன். "இடது பக்கம் திரும்பிப் படுங்கள்" என்பதுதான் ஒரு நாளில் நான் அதிகம் சொல்லும் வாக்கியம். அன்று வந்த கொத்தனாரால் அப்படிப் படுக்க முடியவில்லை. படுத்தவுடன் மூச்சு முட்டியது. தலைமாட்டை உயர்த்தி, சாய்ந்து உட்கார வைத்துத்தான் பார்த்தேன். வயது 41. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

திரையில் இடது கீழறை தளர்ந்த பை போல விரிந்து கிடந்தது. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும், கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் 55 சதவீதத்துக்குக் குறையாமல் வெளியே தள்ளும். இவருக்கு 25. ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று ஆஞ்சியோகிராமில் பிறகு தெரிந்தது. காரணம் குடி: தினமும் ஒன்றரை குவார்ட்டர் பிராந்தி, பன்னிரண்டு ஆண்டுகளாக.

"வயிற்று ஸ்கேனில் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றார்களே, சார்!" என்றார் அவர் மனைவி.

இதே கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! குடித்தால் கல்லீரல் கெடும் என்பதோடு நிறுத்திவிட்டோம். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நாளுக்கு 80 கிராமுக்கு மேல், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குடித்தவர்களிடம்தான் இந்த இதய வீக்கம் பெரும்பாலும் தென்படுகிறது. ஆல்கஹால் இதயத் தசையையே நேரடியாக நலிவடையச் செய்கிறது. சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவருக்கு பி1 வைட்டமின் குறைவும் சேர்ந்துகொள்ளும். மியூனிக் நகரத்து பீர் குடியர்களின் பெருத்த இதயங்களைப் பற்றி போலிங்கர் என்ற மருத்துவர் 1884லேயே எழுதிவிட்டார். எங்கள் கொத்தனாருக்கோ அது என் அறைக்கு வந்த பிறகுதான் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஏனென்றால், குடியை நிறுத்தினால் இந்த இதயங்களில் பல தேறுகின்றன. மாரடைப்பில் செத்த தசை திரும்பாது, இது திரும்பக்கூடும். ஆனால் பல ஆண்டுக் குடியைத் தன்னிச்சையாகத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதனால் மருத்துவர் அவரை வார்டில் சேர்த்தே நிறுத்த வைத்தார். இதயத்துக்கான மாத்திரைகளும் தொடர்ந்தன.

எட்டு மாதம் கழித்து வந்தார். தட்டையாகப் படுத்தார், மூச்சு வாங்கவில்லை. முதல் அளவை நான் நம்பவில்லை. மூன்று முறை எடுத்தேன். 45.

மனைவி வெளியே பெஞ்சில் பழைய அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். புதியதை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.