மூத்தவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, இளையவனுக்கு எந்த டின்?

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதே குழந்தை மருத்துவரிடம் போய், "எந்த டின் வாங்கி வைக்கட்டும் டாக்டர்?" என்று கேட்டேன். மூத்தவளுக்குப் பசும்பால் புரத அலர்ஜி. என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது ஆஸ்துமாவோ கரப்பானோ உணவு அலர்ஜியோ இருந்தால், பிறக்கிற குழந்தைக்கும் அலர்ஜி வர வாய்ப்பு கூடுதல். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் உண்டு, அக்காவுக்கும் உண்டு. அதனால் ஸ்பெஷல் பவுடர் பால் டின் ஒன்றை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

"அலர்ஜி வந்த குழந்தைக்குக் குடுக்கறது வேற. வரலாம்னு பயப்படற குழந்தைக்குச் செய்யறது வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். அந்த வித்தியாசம் புரிய எனக்கு இரண்டு பிரசவம் ஆனது. இதே குழப்பத்தில் இருக்கும் அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூத்தவள் கதை. சிசேரியன். முதல் இரண்டு நாள் எனக்குப் பால் சரியாக வரவில்லை. குழந்தை அழுகிறது என்று எங்களைக் கேட்காமலே மருத்துவமனையில் பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தும் தாய்ப்பாலோடு ராத்திரியில் ஒரு வேளை டின் பால். ஆறாவது வாரம் ஒரு காலை நாப்பியைப் பிரித்தால், சளி மாதிரி வழவழப்பு, அதில் சிவப்பு நூல் போல ரத்தம். கை நடுங்கிவிட்டது. குழந்தையோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு அன்று விடுமுறை. அவசரத்தில் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினோம். "லாக்டோஸ் இல்லாதது ஒண்ணு இருக்கு அக்கா, பால் ஒத்துக்காத குழந்தைக்கு அதைத்தான் வாங்குவாங்க" என்று ஒரு டின் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். நான்கு நாள் கொடுத்தோம், ரத்தம் நிற்கவில்லை. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அலர்ஜி வருவதோ பாலின் புரதத்தால், அதாவது கேசினாலும் வே புரதத்தாலும். சாதாரண லாக்டோஸ் இல்லாத டின்னில் சர்க்கரையைத்தான் எடுத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். தெரியாமல் நான்கு நாள் அதே பிரச்சினையை ஊட்டியிருக்கிறோம்.

அத்தை ஆட்டுப்பால் வாங்கச் சொன்னார். "நம்ம ஊர்ல எத்தனை பிள்ளை அதுல வளந்திருக்கு தெரியுமா!" அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் ஆட்டுப்பால் புரதமும் எருமைப்பால் புரதமும் பசும்பால் புரதத்துக்கு உடன்பிறப்பு மாதிரி. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. அதே வாரம் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் பக்கத்து வீட்டம்மா ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கித் தர வந்தார். காய்ச்சாமல் கொடுக்கிற பால் ஆறு வாரக் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருந்ததால் அதை மட்டும் உறுதியாக மறுத்தேன்.

டாக்டர் பார்த்தபோது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, நான்தான் பாலை நிறுத்த வேண்டும். நான் குடிக்கிற பாலின் புரதம் கொஞ்சம் தாய்ப்பால் வழியாகவும் போகுமாம். காபி, தயிர், மோர் நிறுத்துவது சுலபம். பிரசவ லேகியத்தில் நெய் இருப்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பிஸ்கெட், பிரெட் பாக்கெட்டுகளைத் திருப்பி, பின்னால் அலர்ஜி பற்றிய வரியில் பால் என்று இருக்கிறதா என்று படிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். கால்சியத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

இன்னொன்று, ராத்திரி ஒரு வேளைக்கு எந்த டின் என்பது. ஒரு காகிதத்தில் தேங்காய் வரைந்து விளக்கினார். சாதாரண பவுடரில் பால் புரதம் முழுத் தேங்காய் மாதிரி. எச்.ஏ. (ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது அலர்ஜி குறைவானது) என்று போட்டு வருகிற 'பார்ஷியலி ஹைட்ரலைஸ்ட்' டின்னில் அதைப் பத்தை பத்தையாகக் கீறியிருப்பார்கள். உடம்பு அதைத் தேங்காய் என்று கண்டுபிடித்துவிடும், அதனால் அலர்ஜி வந்த குழந்தைக்கு அது உதவாது. 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரலைஸ்ட்' என்பது நைசாகத் துருவியது, பால் அலர்ஜி உள்ள பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு ஒத்துக்கொள்ளும். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பால் பட்டதும் மூச்சுத் திணறுகிற அளவுக்குக் கடுமையாக வருகிறவர்களுக்கும் அமினோ அமில ஃபார்முலா, அதாவது புரதமாகவே இல்லாமல் அதன் அடிப்படைத் துணுக்குகள் மட்டும் உள்ள பவுடர். "அதுல தேங்காயே கிடையாது" என்றார். சோயா டின் பற்றிக் கேட்டேன். ஆறு மாதத்துக்கு முன் அதை முதல் தேர்வாக எடுப்பதில்லை, பால் அலர்ஜி உள்ள சில குழந்தைகளுக்குச் சோயாவும் சேர்ந்தே ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார்.

டின்னின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் குழந்தைக்கு எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நம் நாட்டில் 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டம் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் இலவச சாம்பிள் கொடுப்பதையும் தடை செய்கிறது. டின்மேல் குழந்தை படம்கூடப் போடக் கூடாது. அந்தச் சட்டம் இருப்பது எவ்வளவு நல்லது என்று கலங்கிப்போய் மெடிக்கல் ஷாப் அலமாரி முன்னால் நின்ற அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்த அந்த 'நைசாகத் துருவிய' டின் புரசைவாக்கத்தில் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் ஆர்டர் போட்டு மறுநாள் சாயங்காலம் வந்தது. விலை சாதாரண டின்னைப் போல மூன்று மடங்குக்கு மேல். 400 கிராம் டின்னில் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் பால்தான் கரைக்கலாம். முழுக்க டின்னையே நம்பியிருக்கும் மூன்று மாதக் குழந்தைக்கு நான்கு நாள் வரும், அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு வேளை மட்டும் என்பதால் சமாளித்தோம். அப்படிச் சமாளிக்க முடியாத வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

டின்னைத் திறந்ததும் வேகவைத்த உருளைக்கிழங்கும் விட்டமின் மாத்திரையும் கலந்த மாதிரி ஒரு வாடை. நாக்கில் வைத்தேன், கசப்பு. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பீய்ச்சி வைத்த தாய்ப்பாலில் கால் பங்கு இதைக் கலந்து, இரண்டு நாளைக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார் டாக்டர். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். மோஷன் கரும்பச்சையாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் நடுராத்திரியில் மருத்துவமனைக்கு ஓடியிருப்போம். ஐந்தாவது நாள் ரத்தம் நின்றது. நான்கு வாரம் கழித்து, டாக்டர் சொன்னபடி வேண்டுமென்றே நான் மறுபடி பால் குடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சிவப்பு நூல் திரும்ப வந்தது. அப்போதுதான் அலர்ஜி என்று உறுதியானது. இந்தக் கடைசிச் சோதனையை மனசு ஒப்பாமல்தான் செய்தேன். ஆனால் அது இல்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் இருப்பதில் அர்த்தமில்லை. கடுமையான அலர்ஜி வந்த குழந்தைக்கு மட்டும் இதை வீட்டில் செய்யவே கூடாது, மருத்துவமனையில்தான். பதினாலாவது மாதத்தில் பிஸ்கெட்டில் தொடங்கி மெல்ல மெல்லப் பாலுக்கு வந்துவிட்டாள்.

சரி, இளையவனுக்கு வருகிறேன். அவனுக்கு அலர்ஜி இல்லை, வரலாம் என்ற பயம் மட்டும்தான். எச்.ஏ. டின் கொடுத்தால் வராமல் தடுக்கலாம் என்று முன்பு பலரும் நம்பினார்கள், டாக்டர்களும் பரிந்துரைத்தார்கள். பிறகு ஆராய்ச்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2019இல் அதையே சொல்லிவிட்டது. கர்ப்பத்தில் நான் பாலை நிறுத்தவும் தேவையில்லை என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டாம் மாதத்தில் நிம்மதியாக ஒரு டம்ளர் காபி குடித்தேன்.

அவர் அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று. முதல் வாரத்தில் மட்டும், அவசியமில்லாமல் சாதாரண பவுடர் பால் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறதாம். மூத்தவளுக்கு அந்த இரண்டு நாளால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த முறை பிரசவத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி வைத்தோம்: 'எங்களைக் கேட்காமல் பவுடர் பால் கொடுக்க வேண்டாம். அக்காவுக்குப் பால் அலர்ஜி.'

இரண்டாம் நாள் ராத்திரி மறக்காது. மணி இரண்டு இருக்கும். வீல் வீல் என்று அழுகை. தையல் வலியில் என்னால் திரும்பிப் படுக்க முடியவில்லை. நர்ஸ் வந்து, "கொஞ்சம் கலந்து தரட்டுமா?" என்றார். அம்மா தாளைக் காட்டினார். அந்த நர்ஸ் கோபப்படவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, மார்பை எப்படி அழுத்திப் பீய்ச்ச வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். பாலாடைக் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாகச் சீம்பால், ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. இதென்ன பத்தும் என்று அழுதேன். "முதல் ரெண்டு நாள் வயிறே இத்துனூண்டுதான்மா, இது போதும்" என்றார். கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டோம். நாக்கைச் சப்புக்கொட்டினான், தூங்கிப்போனான். எடை, சர்க்கரை அளவு எல்லாம் காலையில் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்கள். குறைந்திருந்தால் தாளைக் கிழித்துவிட்டு டாக்டர் சொல்கிற பாலைக் கொடுத்திருப்போம், அதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தானமாகக் கிடைக்கும் தாய்ப்பால் பற்றியும் விசாரித்து வைத்திருந்தோம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது.

26 வார விடுப்பில் ஐந்து வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. அவனுக்கு ஐந்து மாதம் ஆகும்போது நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பீய்ச்சி வைப்பது இரண்டு வேளைக்குத்தான் வந்தது, ஒரு வேளைக்கு டின் தேவைப்பட்டது. துபாயிலிருந்து வந்த நாத்தனார் அக்கறையோடு எச்.ஏ. டின் வாங்கி வந்திருந்தார். டாக்டர் சாதாரண ஸ்டேஜ் ஒன், அதாவது முதல் ஆறு மாதத்துக்கான பவுடர் பால்தான் எழுதினார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. காய்ச்சல் சளி இல்லாத நாளாகப் பார்த்து, கிளினிக் திறந்திருக்கும் காலை நேரத்தில், முதலில் ஒரு ஸ்பூன் கொடுங்கள், இரண்டு மணி நேரம் பாருங்கள், பிறகு ஒரு வாரம் மோஷனைப் பாருங்கள் என்றார்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணிக்குள் நல்ல சூட்டிலேயே பவுடரைக் கரைத்து ஆறவைத்தேன். பவுடர் கிருமி நீக்கியது இல்லை, அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷத்தில் தாடையில் நாலைந்து சிவப்புப் புள்ளி. ஆட்டோ பிடித்தோம். டாக்டர் துடைத்துப் பார்த்து, எச்சில் பட்ட வேர்க்குரு என்றார். ஏப்ரல் மாதத்துச் சென்னை. அங்கேயே கிளினிக் பெஞ்சில் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். தடிப்பு இல்லை, வாந்தி இல்லை.

அடுத்த வாரம் நான் ஆபீஸ் போன முதல் நாள். மதியம் அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, பிரித்து வைத்த நாப்பி. கூடவே குரல் செய்தி: "மஞ்சளாத்தான் இருக்கும்மா. வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாத்துட்டேன். நீ சாப்பிட்டியா?"