உளுத்த கிதாரும் ஆக்சிஜன் இல்லாத பையும்

கறுப்புத் தாளின்மேல் நிறுத்தி வைத்திருக்கும் என் பழைய கல்கத்தா கிதாரிலிருந்து இந்தக் கோடை முழுவதும் ஒரு சிட்டிகை உளுமாவுகூட உதிரவில்லை. வண்டுகள் மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் பருவம் இதுவே என்பதால், உளு அடியோடு செத்துவிட்டது என்று துணிந்து சொல்கிறேன். மருந்து எதையும் தெளிக்காமல், ஆக்சிஜனை மட்டும் நீக்கி இதைச் சாதித்ததில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு.

வந்திருந்தது லிக்டஸ் இனத்து வண்டு. துளைகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம் இருந்தன. உதிர்ந்த மாவை விரல்களுக்கிடையே தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கியது. உலர்மரக் கறையானாக இருந்திருந்தால் ஆறு பட்டை கொண்ட மணி மணியான எச்சம் விழுந்திருக்கும். லிக்டஸ் மரத்தின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியை, தொடாது. மாவுச்சத்து நிறைந்த வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், அதிலும் முட்டை இடுமளவுக்கு அகலமான நுண்குழல்கள் உள்ள மரங்களில் மட்டுமே புகும். ஆகவே அத்தகைய குழல்கள் இல்லாத ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்து முன்பலகையும் கருங்காலி விரற்பலகையும் தப்பிவிட்டன. கழுத்து வந்து இறங்கும் உட்கட்டையும், ஓரங்களைப் பிடித்து நிற்கும் உட்பட்டைகளும் உளுத்துப் போயின. வெளியே எத்தனை பூச்சு ஏற்றினாலும் கிதாரின் வயிற்றுக்குள் பெரும்பாலும் யாரும் பூசுவதில்லை. பெண்வண்டுக்கு அந்தப் பூச்சில்லாத மரமே போதும்.

பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசலை உள்ளே பூசலாம் என்பார்கள். ஆனால் ஈரம் பட்டால் மரத்துண்டுகளை ஒட்டியிருக்கும் வஜ்ரப்பசை இளகும். சூடேற்றுவதென்றால் மரத்தின் உட்பகுதி 55 டிகிரியை எட்ட வேண்டும். அந்தச் சூட்டைப் பழைய பசையும் வெளிப்பூச்சான லாக்கரும் தாங்கா. அதனால்தான் அருங்காட்சியகங்கள் கையாளும் வழிக்கு வந்தேன்: ஆக்சிஜன் 0.5 சதவீதத்துக்கும் கீழே, சுமார் 25 டிகிரியில், மூன்று வாரம். அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் இம்முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. வெப்பம் கூடக் கூடப் பூச்சி விரைவாகச் சாகும் என்பதால் சென்னை இதற்கு ஏற்ற ஊர்.

கிதாரைக் காற்றுப் புகாத பைக்குள் வைத்து, ஆக்சிஜனை உறிஞ்சும் இரும்புத்தூள் பொட்டலங்களைப் போட்டு மூட வேண்டும். கணக்கு எளிது. பைக்குள் 80 லிட்டர் காற்று இருந்தால் அதில் ஏறத்தாழ 17 லிட்டர் ஆக்சிஜன். ஒவ்வொன்றும் 2000 சிசி (2 லிட்டர்) உறிஞ்சும் பொட்டலங்கள் ஒன்பது தேவை, கசிவுக்காகப் பன்னிரண்டு போட வேண்டும். வாங்கும்போது அந்த சிசி என்பது ஆக்சிஜனின் அளவா, காற்றின் அளவா என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்கும் ஐந்து மடங்கு வேறுபாடு. பாரிமுனைப் பக்கத்துப் பேக்கிங் கடைகளில் பைக்கான, சூட்டில் ஒட்டும் அலுமினியத் தாள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சாதாரண பாலிதீன் பயன்படாது, அது ஆக்சிஜனைக் கசியவிடும்.

முழு வேலையும் ஒட்டும் விளிம்பில்தான் நிற்கிறது. மடிப்பு வைத்த பையில், நான்கு அடுக்கு இரண்டு அடுக்காக மாறும் மூலையில் ஊசிமுனை அளவு வாய்க்கால் ஒன்று மிஞ்சும். சூட்டால் ஒட்டும் சீலரை எத்தனை முறை அழுத்தினாலும் அது மூடாது. எனவே மடிப்பே இல்லாமல் இரண்டு தட்டைத் தாள்களை எதிரெதிரே வைத்து, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரட்டைக் கோடாக ஒட்டினேன். ஒட்டும் முன் விளிம்பை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைப்பது மிக முக்கியம்; உளுமாவு படிந்த இடத்தில் தாள் ஒட்டியதுபோல் தோன்றி, மறுநாள் விரிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஆக்சிஜன் புகாத தெளிந்த தாளைப் போட்டதால் உள்ளே ஆக்சிஜன் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் மாத்திரையைப் பார்க்க முடிந்தது. அது நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறினால்தான் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவதால் பை சுருங்கி முன்பலகையை அழுத்தும்; கம்பிகளைத் தளர்த்தி, சுற்றிலும் அட்டைச் சட்டம் வைப்பது அவசியம். பொட்டலங்கள் சூடாகும், லாக்கரில் படக் கூடாது.

அடுத்து ஒரு பழைய ஆர்மோனியம் காத்திருக்கிறது. அதில் மரத்தை உளுவும், ஃபெல்ட்டையும் துருத்தித் தோலையும் வேறு வண்டினங்களும் ஒருசேரத் தின்கின்றன. இந்தப் பை முறை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொல்லும் என்பதால், பெரிய தாள் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

கிதாரில் உளுத்த மரத்தை இறுக்க, உட்பட்டைகளின் துளைகளுக்குள் பாராலாய்ட் பி-72 என்ற செயற்கைப் பிசினை அசிட்டோனில் கரைத்து, ஒலித்துளை வழியே சிரிஞ்சால் ஏற்றி வருகிறேன். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் லாக்கர் கரையும் என்பதால் வேலை மெதுவாகவே நகர்கிறது. கழுத்தடிக் கட்டையில் ஊசி தடையின்றி இறங்குகிறது. அங்கே பிசின் போதாது. வைரம் பாய்ந்த தேக்கில் புதுக்கட்டை செதுக்கி மாற்ற முடிவு செய்திருக்கிறேன்.